மிதிவண்டியும் புகைவண்டியும்

காலை எட்டரை மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் தம்பானூர்ப் புகைவண்டி நிலையத்தின் வாயிலில் சற்று நேரம் நின்று பார்த்தவர்க்கு ஓர் உண்மை விளங்கும். தெற்கே நாகர்கோவில் வழியிலிருந்தும் வடக்கே கொல்லம் வழியிலிருந்தும் வண்டிகள் வந்து நிற்கின்றன. அரசு அலுவலகங்களில் பணிபுரிவோர், மருத்துவமனைச் செவிலியர், சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுதுவோர், கல்லூரி மாணவ மாணவியர் எனப் பலரும் வெள்ளம்போல் வெளிவருகின்றனர். அறுபது எழுபது கிலோமீட்டர் தொலைவை அமைதியாகக் கடந்து வந்த இம்மக்கள், எஞ்சியுள்ள இரண்டு மூன்று கிலோமீட்டரைக் கடப்பதற்காகவே ஓடுகின்றனர், நெருக்குகின்றனர், ஆட்டோக்காரரிடம் வாதாடுகின்றனர். நெடுவழி எளிதாயிருக்கிறது, குறுவழிதான் அரிதாயிருக்கிறது.

இக்குறுவழியைப் பற்றியே இத்திங்கள் நம் அன்பர்களோடு சில சொற்கள் பேச விழைகிறேன். இது சிறு பொருளன்றோ எனச் சிலர் எண்ணக்கூடும். நம் குடும்பங்களில் ஒரு பெண்ணின் படிப்பு நிற்பதும் தொடர்வதும் சில வேளை இத்தகைய சிறு பொருளைப் பொறுத்தே அமைகின்றன என்பதைச் சென்ற ஆண்டு நேரிற் கண்டேன். ஆதலால் எழுதத் துணிந்தேன்.

குழித்துறைக்கு அருகே ஒரு சிற்றூரில் எனக்கு உறவினர் ஒருவர் இருக்கிறார். ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டி வாழ்பவர். அவருடைய மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுத் திருவனந்தபுரத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். விடுதியில் தங்கிப் படிக்க வைக்கும் வசதி தந்தைக்கு இல்லை. நாள்தோறும் வண்டியில் வந்து போவதென முடிவாயிற்று. மாணவியர்க்குரிய சீசன் டிக்கெட் மலிவு. அதனால் புகைவண்டிச் செலவு அவர்களை வருத்தவில்லை. வருத்தியது தம்பானூரிலிருந்து கல்லூரி வரையுள்ள மூன்று கிலோமீட்டர்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2022-இல் கேரள அரசு திருத்திய கட்டணப்படி ஆட்டோவுக்கு முதல் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு 30 ரூபாய்; அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 15 ரூபாய். மூன்று கிலோமீட்டருக்கு 52 ரூபாய் 50 காசு ஆகிறது. போக வர 105 ரூபாய். மாதத்துக்கு இருபத்து நான்கு நாள் கல்லூரி என்றால் 2,520 ரூபாய். பால் வெட்டும் தொழிலாளிக்கு இது தாங்கும் செலவன்று. பேருந்தோ எனில், அவளுடைய கல்லூரிக்கு இரண்டு பேருந்து மாறவேண்டும். குறைந்த கட்டணம் 10 ரூபாய் வீதம் நாளுக்கு 40 ரூபாய். மாதத்துக்கு 960 ரூபாய். மாணவர் சலுகை கிடைத்தால் இத்தொகை குறையும். ஆனால் நேரத்துக்குச் சலுகை தருவார் எவருமில்லை. மாலையில் இரண்டாம் பேருந்து பத்து நிமிடம் தாழ்ந்தால் வண்டி போய்விடும். அடுத்த வண்டியில் ஏறினால் ஊர் சேர இருட்டிவிடும். இரண்டு மாதத்தில் நான்கு முறை அவ்வாறு நேர்ந்தது. நான்காம் முறை நடந்ததற்கு மறுநாள் அவள் தந்தை என்னிடம் தொலைபேசியில், “அண்ணாச்சி, பிள்ளைய நிறுத்திரலாமான்னு யோசிக்கிறேன்” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, களைப்பே இருந்தது.

அந்தப் பெண்ணிடம் ஒரு மிதிவண்டி இருந்தது. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் பயிலும் மாணவர்க்கு அரசு விலையின்றி மிதிவண்டி வழங்குகிறது என்பதை நம்மில் பலர் அறிவோம். அவ்வாறு கிடைத்த வண்டி அது. வீட்டிலிருந்து குழித்துறை நிலையம் வரை அதிலேதான் வருவாள். அவளே என்னிடம் ஒரு நாள், “மாமா, இந்த சைக்கிளையே ரெயிலில் ஏற்றிக்கொண்டு திருவனந்தபுரம் வந்துவிட்டால் என்ன? இரண்டு பக்கமும் இதுவே போதுமே” என்று வினவினாள். எளிய வினா, ஆயினும் எனக்கு உடனே விடை தெரியவில்லை. கேட்டறிந்து சொல்வதாகக் கூறினேன்.

கேட்டறிந்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன். நம் வீடுகளில் பலர்க்கும் இவை பயன்படும்.

பயணிகள் அமரும் பெட்டியில் மிதிவண்டியை ஏற்றுதல் இந்திய ரெயில்வே விதிப்படி கூடாது. அதனைப் பார்சல் அலுவலகத்தில் கட்டணம் செலுத்திப் பதிவு செய்து, பிரேக் வேன் எனப்படும் கார்டு வண்டியில்தான் ஏற்றவேண்டும். இரண்டாம் வகுப்பில் செல்பவர் 35 கிலோ வரை மூட்டை முடிச்சுகளைக் கட்டணமின்றிக் கொண்டுசெல்லலாம்; ஆனால் இச்சலுகை ஸ்கூட்டருக்கும் மிதிவண்டிக்கும் இல்லை. அவை எவ்வளவு இலேசானவையாயினும் தனிக் கட்டணம் உண்டு. பதிவு செய்வதற்கு வண்டி புறப்படும் நேரத்துக்கு அரைமணி நேரம் முன்னரே அலுவலகம் சென்றுவிட வேண்டும்.

ஊர் மாறிச் செல்பவர்க்கு இவ்வேற்பாடு மிகவும் ஏற்றது. மகனுக்கு வேலை மாற்றம் ஆகிறது, அவனுடைய மிதிவண்டியை மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்பவேண்டும் என்றால் இதனினும் நல்ல வழி இல்லை. ஆனால் நாள்தோறும் வந்து போகும் மாணவிக்கு இது எவ்வாறு பொருந்தும்? காலையில் அரைமணி முன்னதாக வரவேண்டும், மாலையிலும் அவ்வாறே. நாளுக்கு இருமுறை கட்டணம் செலுத்தவேண்டும். மேலும், நம் பாதையில் உள்ள சிறு நிலையங்களில் வண்டி நிற்பதே ஒரு நிமிடம். கார்டு வண்டியைத் திறந்து மிதிவண்டியை இறக்குவதற்குள் பச்சைக்கொடி காட்டப்பட்டுவிடும். பதிவு செய்யும் அலுவலகமே இல்லாத நிறுத்தங்களும் உள்ளன. ஆகவே அப்பெண்ணின் வினாவுக்கு முதல் விடை, ‘இயலாது’ என்பதே.

இதைக் கேட்டு ரெயில்வேயாரை நொந்துகொள்வது எளிது. ஆனால் காலை வண்டியில் ஒருமுறை ஏறிப் பார்த்தவர் நொந்துகொள்ளமாட்டார். பாறசாலை தாண்டும்போதே நிற்க இடமிராது. நெய்யாற்றின்கரையிலும் பாலராமபுரத்திலும் ஏறுவோர் ஒற்றைக்காலில் தவம் புரிகின்றனர். ஒரு மிதிவண்டி மூன்று நான்கு பேர் நிற்கும் இடத்தைப் பிடிக்கும். அதன் பெடல் ஒருவர் முழங்காலில் இடிக்கும்; கைப்பிடி மற்றொருவர் புடைவையில் மாட்டும். வடநாட்டில் சில வழிகளில் பால்காரர் தம் பாற்குடங்களையும் மிதிவண்டிகளையும் சன்னற்கம்பிகளில் வெளிப்புறமாகக் கட்டித் தொங்கவிட்டுச் செல்லும் வழக்கம் உண்டு. எதிரே வரும் வண்டிக்கும் நடைமேடையில் நிற்கும் குழந்தைக்கும் அதனால் நேரக்கூடிய கேட்டை எண்ணினால் உள்ளம் நடுங்குகிறது. அவ்வழக்கம் நம் பக்கம் வாராதிருப்பதே நன்று.

ஆயினும் உலகில் வேறு நாட்டார் இதனை எவ்வாறு தீர்த்திருக்கின்றனர் என்று காண்பதில் தவறில்லை. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில், புறநகர் வண்டிகளில் மிதிவண்டி ஏற்றுவதற்கு இருந்த கட்டணத்தை 2010-இல் நீக்கிவிட்டனர். அதன்பின் மிதிவண்டியோடு ஏறுவோர் தொகை பல மடங்கு பெருகியது. ஆனால் அங்கே பெட்டிகளை அதற்கேற்ப மாற்றியமைத்து, மிதிவண்டிக்கென்று தனி இடம் ஒதுக்கியிருக்கின்றனர். சப்பானில் மிதிவண்டியைக் கழற்றியோ மடக்கியோ முழுவதும் பைக்குள் இட்டு மூடினாலன்றி வண்டியில் ஏற்ற விடமாட்டார். சிங்கப்பூரில் மடக்கும் மிதிவண்டி மட்டுமே செல்லலாம்; மடக்கிய அளவு 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலத்துக்கு உட்பட்டிருத்தல் வேண்டும்.

இத்தனை தொலைவு செல்வானேன்? நம் கேரளத்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 2017-இல் தொடங்கிய கொச்சி மெட்ரோ, 2020 நவம்பரில் பயணிகள் தம் மிதிவண்டியைக் கட்டணமின்றி வண்டிக்குள் கொண்டுசெல்ல இசைவளித்தது. முதலில் சில நிலையங்களில் மட்டும் நடத்திப் பார்த்து, நல்ல வரவேற்புக் கண்டபின் எல்லா நிலையங்களுக்கும் விரித்தது. அங்கே நிலையந்தோறும் மின்தூக்கி உண்டு. நடைமேடையும் பெட்டியின் தளமும் ஒரே மட்டத்தில் உள்ளன. வண்டிகளும் அடிக்கடி வருகின்றன. நம் நாகர்கோவில் வண்டிக்கு இம்மூன்றும் இல்லை. ஆகவே கொச்சியில் இயல்வது இங்கே நாளையே இயலும் என்று சொல்வதற்கில்லை. ஆனால் சிறிது சிறிதாக நடத்திப் பார்த்தனர் என்பதே நாம் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம்.

மிதிவண்டிக்குப் பேர்போன நாடு ஆலந்து. அங்கே குடிமக்கள் தொகையைவிட மிதிவண்டிகளின் தொகை மிகுதி. அந்நாட்டில் காலை மாலை நெருக்கடி நேரங்களில் சாதாரண மிதிவண்டியைப் புகைவண்டியில் ஏற்றக்கூடாது! இதைப் படித்தபோது வியந்தேன், பின்னர்த் தெளிந்தேன். ஏற்றுவதற்கு மாறாக, நிலையத்தில் நிறுத்தி வைப்பதற்கே அவர்கள் பெரும்பொருள் செலவிட்டிருக்கின்றனர். யூட்ரெக்ட் நகர நிலையத்தின் அடியில் 12,500 மிதிவண்டிகள் நிற்கும் மாபெரும் கூடம் 2019-இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. அந்நாட்டார் பலர் இரண்டு மிதிவண்டி வைத்திருக்கின்றனர். ஒன்று வீட்டிலிருந்து நிலையம் வரை. மற்றொன்று இறங்கும் நிலையத்திலிருந்து அலுவலகம் வரை. இரண்டாவது வண்டி பெரும்பாலும் பழையதாக, வண்ணம் உதிர்ந்ததாக இருக்கும். திருடனும் அதனைத் திரும்பிப் பாரான்.

நம் பம்பாயில் சோற்றுப்பெட்டி சுமக்கும் டப்பாவாலாக்கள் இவ்வுண்மையை ஆலந்து நாட்டாரிடம் சென்று கற்கவில்லை. 1890-இல் தொடங்கிய தொழில் அது. வீடுகளில் பெட்டிகளைத் தொகுப்பவர் மிதிவண்டியில் நிலையம் வருவார். பெட்டிகள் மட்டும் புகைவண்டியின் சுமைப்பெட்டியில் ஏறும். மறுமுனையில் வேறொருவர் வேறொரு மிதிவண்டியோடு காத்திருப்பார். மிதிவண்டி புகைவண்டியில் ஏறுவதில்லை. வேலை மட்டும் தவறாமல் நடக்கிறது.

இதை எண்ணியபோது அப்பெண்ணின் வினாவுக்கு இரண்டாம் விடை கிடைத்தது. அவளுடைய மிதிவண்டி தம்பானூர் வரவேண்டியதில்லை; தம்பானூரில் அவளுக்கு ஒரு மிதிவண்டி காத்திருந்தால் போதும்.

அதற்கு எங்கே போவது? எங்கும் போகவேண்டியிருக்கவில்லை. என் வீட்டுத் திண்ணையிலேயே ஒன்று நின்றுகொண்டிருந்தது. என் மகன் கல்லூரி சென்ற காலத்தில் வாங்கியது; அவன் மோட்டார் சைக்கிள் வாங்கியபின் நான்கு ஆண்டுகளாக எவரும் தொடவில்லை. காற்று இறங்கி, சங்கிலி துருப்பிடித்து, இருக்கையில் பூனை உறங்கும் நிலையில் இருந்தது. சாலைத் தெருவுக்கு அருகே உள்ள ஒரு சைக்கிள் கடையில் கொடுத்து டயர், டியூப், பிரேக் கட்டை, சங்கிலி ஆகியவற்றை மாற்றினேன். மொத்தச் செலவு ஆட்டோவுக்கு ஒரு மாதம் ஆகும் தொகையைவிடக் குறைவே.

பெண் ஒப்பினாள், தாய்தான் அஞ்சினாள். “ஊரில் ஓட்டுவது வேறு, இங்கே இவ்வளவு பேருந்துக்கும் காருக்கும் நடுவில் ஓட்டுவது வேறு” என்றாள். அவள் அச்சம் பொருளற்றதன்று. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, போக்குவரத்துக் குறைந்த நேரத்தில், தாயையும் மகளையும் அழைத்துக்கொண்டு கல்லூரிவரை நடந்தே சென்றேன். பெருஞ்சாலையை விட்டு உள்வழிகளில் செல்வதற்கு ஒரு பாதை கண்டோம். தொலைவு சற்று மிகுதி, அமைதியும் மிகுதி. ஏற்றத்தில் இறங்கித் தள்ளிச் செல்வது என்றும், தலைக்கவசம் அணிவது என்றும், மழை வலுத்தால் அன்று மட்டும் பேருந்தில் செல்வது என்றும் முடிவு செய்தோம். தாய் இசைந்தாள்.

முதல் வாரத்திலேயே ஒரு நாள் மழையில் நனைந்து சங்கிலி கழன்று, கைகளெல்லாம் கரியாக வகுப்புக்குப் போனாளாம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். மாலை வண்டியை அதன்பின் அவள் தவறவிட்டதில்லை. கல்லூரிவாயிலிலிருந்து நிலையத்துக்குப் பதினைந்து நிமிடம் என்று இப்போது அவளே எனக்குக் கணக்குச் சொல்கிறாள். தந்தை படிப்பை நிறுத்துவது பற்றிப் பின்னர்ப் பேசவில்லை.

மிதிவண்டி பெண்கல்விக்குச் செய்த உதவி புதிய செய்தியன்று. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டவும் ஊர்ப்பெண்களுக்குக் கற்பித்தது. கல் உடைக்கும் பெண்களும் வயல்வேலை செய்யும் பெண்களும் பிறர் துணையை எதிர்பாராமல் சந்தைக்கும் பள்ளிக்கும் தாமே சென்றுவந்தனர். தொலைவு குறைந்தது என்பதைவிட, ‘யார் அழைத்துச் செல்வார்’ என்னும் ஏக்கம் குறைந்தது என்பதே பெரிது.

நம் நகரத்துக்கும் மிதிவண்டிக்கும் உள்ள உறவு நினைவிற்கொள்ளத் தக்கது. 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவிலிருந்து ஏவப்பட்ட முதல் ராக்கெட், நம் நகரின் புறத்தே உள்ள தும்பாவிலிருந்துதான் வானில் ஏறியது. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அங்குப் பணியாற்றிய இளம் பொறியாளருள் ஒருவர். ராக்கெட்டின் கூர்முனையை மிதிவண்டியின் பின்புறம் வைத்துத் தள்ளிச் சென்ற காட்சியை அந்நாளைய நிழற்படத்தில் இன்றும் காணலாம். விண்வெளிக்குச் செல்லும் பொருளே மிதிவண்டியில் சென்றது என்றால், நம் புத்தகப்பை செல்வதற்கு நாணம் எதற்கு?

நிலையம் ஓரிடத்திலும் நாம் செல்லும் இடம் வேறிடத்திலும் இருக்கும் தொல்லையும் இங்குப் பழையதே. கொல்லத்திலிருந்து 1918-இல் வந்த பாதை நகருக்கு வெளியே சாக்கையிலேயே நின்றுவிட்டது. 1931-இல்தான் அது தம்பானூர் வரை வந்தது. அந்தப் பதின்மூன்று ஆண்டும் வண்டியிலிருந்து இறங்கியவர் நகருக்குள் வர வேறு வண்டி தேடினர். நாகர்கோவில் பாதையோ 1979-இல்தான் திறக்கப்பட்டது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபின், உறவும் தொழிலும் எல்லைக்கு இருபுறமும் பிரிந்து நின்ற நம் குடும்பங்களை அப்பாதை நாள்தோறும் மீண்டும் இணைக்கிறது. இன்று அவ்வழியே மின்சாரத்தால் வண்டிகள் ஓடுகின்றன. புகை போய்விட்டது; ‘புகைவண்டி’ என்னும் பெயர் மட்டும் நம் நாவில் நிற்கிறது.

இனி, பயன் கருதிச் சில குறிப்புகள் கூறுகிறேன்.

ஊர் மாறும்போது மிதிவண்டியைப் புகைவண்டியில் அனுப்புவோர் முதலில், சேரும் நிலையத்தில் பார்சல் இறக்கும் வசதி உண்டா, வண்டி போதிய நேரம் நிற்குமா என்று கேட்டறிக. விளக்கு, காற்றடிக்கும் குழாய், கூடை ஆகியவற்றைக் கழற்றி வீட்டுச் சாமான்களோடு வைத்துக்கொள்க. கைப்பிடியைத் தளர்த்திச் சக்கரத்துக்கு இணையாகத் திருப்பி இறுக்குக. பெடல்களைக் கழற்றினால் இடம் குறையும். ஆனால் இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் அமைந்தது என்பதை மறவற்க. அறியாது திருகி மரையைக் கெடுத்தவர் பலர். இருக்கை, கைப்பிடி, சங்கிலிப்பகுதி ஆகியவற்றைச் சாக்கால் சுற்றிக் கயிற்றால் கட்டுக. அனுப்புவோர் பெயர், பெறுவோர் பெயர், புறப்படும் நிலையம், சேரும் நிலையம் இவற்றைத் தெளிவாக எழுதி இரண்டு இடத்தில் கட்டுக. ஒன்று அறுந்தாலும் மற்றொன்று இருக்கும். ரசீதைப் பத்திரப்படுத்துக. சேர்ந்தவுடன் சென்று எடுத்துக்கொள்க. தாழ்த்தினால் கிடங்குக் கட்டணம் ஏறும்.

நிலையத்தில் மிதிவண்டி நிறுத்துவோர்க்கு வேறு சில. புதிய பளபளப்பான வண்டி வேண்டா. உறுதியான பழைய வண்டியே போதும். பிரேக்கிலும் டயரிலும் மட்டும் சிக்கனம் கூடாது. சட்டத்தின் அடியில், பெடல் அச்சு செல்லும் இடத்தில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதனை எழுதி வைத்துக்கொள்க. வண்டி காணாமற்போனால் காவல் நிலையத்தில் கேட்கும் முதல் வினா அதுவே. பூட்டுச் சங்கிலியைச் சக்கரத்தின் வழியாக மட்டுமன்றிச் சட்டத்தின் வழியாகவும் செலுத்தி, அசையாத தூணோடு பூட்டுக. கட்டணம் பெறும் நிறுத்துமிடத்தில் மாதக் கட்டணம் உண்டா, இரவிலும் வண்டி நிற்கலாமா என முன்னரே பேசிக்கொள்க. இடவப்பாதி மழையும் துலாமாத மழையும் பெய்யும் ஊர் இது. இருக்கைக்கு ஓர் உறையும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை சங்கிலிக்குச் சில துளி எண்ணெயும் வேண்டும்.

மேட்டைப் பற்றியும் ஒரு சொல். திருவனந்தபுரத்தை ஏழு குன்றுகளின் நகரம் என்பர். மிதிவண்டியில் செல்பவர் அவற்றை எண்ணவேண்டியதில்லை. கால்களே எண்ணிச் சொல்லும். தம்பானூர் பள்ளம், அங்கிருந்து பாளையம் பக்கம் செல்ல ஏற்றந்தான். காலையில் ஏறுவதை மாலையில் இறங்கலாம் என்னும் ஆறுதல் உண்டு. இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெல்லப் பிடிக்கவேண்டும்.

மடக்கும் மிதிவண்டியைப் பற்றியும் சிலர் கேட்கின்றனர். கழக்கூட்டத்தில் இறங்கி டெக்னோபார்க் செல்லும் நம் இளைஞர்க்கு அது ஏற்றதாகலாம். பயணிகள் பெட்டிக்குள் கொண்டுசெல்லும் பெட்டி முதலியவற்றுக்கு ரெயில்வே வகுத்துள்ள அளவு 100 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம். மடக்குவண்டிகள் பல இந்த உயரத்தைச் சற்று மிஞ்சுகின்றன. ஆகவே வாங்குமுன் மடக்கிய நிலையில் அளவெடுத்துப் பார்க்கவேண்டும். விலையும் சாதாரண வண்டியைவிடப் பன்மடங்கு. பையில் இட்டு, வழியை அடைக்காமல், நெருக்கமில்லாத வண்டியில் செல்வதே முறை.

நம் சங்கத்தார்க்கு இரண்டு வேண்டுகோள் உண்டு. முதலாவது, ரெயில்வேயாரிடம் நாம் ஒன்றுகூடிக் கேட்கத் தக்கவை. காலை வண்டியில் மிதிவண்டி ஏற்ற இடம் தருக என்று கேட்பது நியாயமன்று. ஆனால் தம்பானூரிலும், இப்போது திருவனந்தபுரம் வடக்கு எனப்படும் கொச்சுவேளியிலும், திருவனந்தபுரம் தெற்கு எனப்படும் நேமத்திலும், எல்லைக்கு அப்பால் குழித்துறையிலும் மிதிவண்டிக்கென்று கூரையிட்ட நிறுத்துமிடம் அமைத்து, மாணவர்க்குக் குறைந்த மாதக் கட்டணம் வகுக்குமாறு கேட்கலாம். மேம்பாலப் படிக்கட்டுகளின் ஓரத்தில் மிதிவண்டிச் சக்கரம் உருண்டு செல்ல ஒரு சிறு சரிவுப் பள்ளம் அமைக்குமாறு கேட்கலாம். கூட்டமில்லாத நண்பகல் வண்டிகளிலும் விடுமுறை நாட்களிலும் கொச்சி மெட்ரோவைப் போலச் சில திங்கள் மட்டும் நடத்திப் பார்க்குமாறு கேட்கலாம். இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை.

இரண்டாவது வேண்டுகோள் நம்மையே நோக்கியது. நம் வீட்டுத் திண்ணைகளிலும் மாடிப்படியின் அடியிலும் எத்தனை மிதிவண்டிகள் வாளா நிற்கின்றன என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 1949-இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை தோன்றிய காலத்தில் ஒரு ஹெர்குலிஸ் வண்டி வாங்குவது ஒரு குடும்பத்தின் பெருமை. ஆயுத பூசையன்று அதற்குச் சந்தனமும் பூவும் இட்டோம். இன்று அதே வண்டி தூசி படிந்து நிற்கிறது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர், விற்கவும் மனமில்லை, ஓட்டவும் ஆளில்லை. அத்தகைய வண்டி உங்கள் வீட்டில் இருந்தால் சங்கத்துக்குத் தெரிவியுங்கள். பழுது பார்க்கும் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம். நாள்தோறும் தெற்கிலிருந்து வரும் நம் பிள்ளைகளுள் தேவைப்படுவோர்க்கு, படிப்பு முடியும்வரை அதனைக் கொடுத்து வைப்போம். படிப்பு முடிந்தபின் அவர்கள் அடுத்தவர்க்குக் கொடுப்பார்கள்.

என் வீட்டு வண்டி இப்போது இரவெல்லாம் தம்பானூரில் நிற்கிறது. திண்ணையில் அதன் இடம் காலியாயிருக்கிறது. பூனை மட்டும் சில நாள் தேடிப் பார்த்துவிட்டுப் பழைய சாய்வுநாற்காலியில் இடம் பிடித்துக்கொண்டது. அந்தப் பெண் சென்ற வாரம் தேர்வு முடிந்து வந்து, “மாமா, பின் டயர் தேய்ந்துவிட்டது, மாற்றவேண்டும்” என்றாள். டயர் தேய்வது நல்ல செய்தி அன்பர்களே. ஓடாத வண்டிக்குத் தேய்மானம் இல்லை.